கைக்கு எடை தெரியாத கம்பு

கோயம்புத்தூர்ப் பக்கத்து வெள்ளியங்கிரி மலைக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏறிய கதையை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள்; இறங்கிய கதை வந்ததும் கை தானாக முழங்காலைத் தொடும். பூண்டியில் அடிவாரத்திலேயே மூங்கில் கம்பு கிடைக்கும். கம்பு இல்லாமல் ஏறுகிறவர்களைப் பார்ப்பது அரிது. முதல் மலைப் படிக்கட்டில் வெள்ளைப் பிள்ளையாரைத் தாண்டும் வரை அந்தக் கம்பு சுமையாகக்கூடத் தோன்றும். விடியற்காலையில் தரிசனம் முடிந்து, தூக்கமில்லாத உடம்போடு அதே படிகளில் இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இது வெறும் நம்பிக்கை இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹெர்மன் ஷ்வாமெடரும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 25 டிகிரி சரிவில் எட்டுப் பேரைக் கம்போடும் கம்பில்லாமலும் இறங்கச் செய்து, முழங்காலில் விழும் விசைகளைக் கணக்கிட்டார்கள். இரண்டு கையிலும் கம்பு ஊன்றி இறங்கியபோது அந்த விசைகள் 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தன. மலையிலிருந்து இறங்க ஆயிரக்கணக்கான அடிகள் எடுத்து வைக்க வேண்டும், ஒவ்வொரு அடியிலும் இந்தக் குறைவு சேர்கிறது. முழங்கால் தேய்மானத்தோடு இன்னும் மலைக்குப் போக ஆசைப்படும் ஓர் அப்பாவுக்கு மகனாக, எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

மூங்கில் கம்பு மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கல்மூங்கிலில் நடுவே பொந்து அநேகமாக இருக்காது. கைப்பிடிக்கு அடங்கும் கம்பே ஆள் எடையைத் தாங்கும். உடைந்தாலும் நார்நாராகப் பிளந்து, எச்சரித்துவிட்டுத்தான் உடையும். ஆனால் 25 மி.மீ. தடிமனில் ஐந்தடிக் கம்பு ஏறக்குறைய அரைக் கிலோ வரும். நீளத்தை மாற்ற முடியாது. பஸ்ஸில் கொண்டுபோவதும் சிரமம். கடையில் விற்கும் சாதாரண அலுமினிய ட்ரெக்கிங் கம்பு ஒன்று கால் கிலோவை ஒட்டி இருக்கும். நீளத்தை மாற்றலாம், ஆனால் பல மாடல்களில் நீளத்தை நிறுத்திப் பிடிக்கும் பூட்டு நாளடைவில் நழுவத் தொடங்கும். நல்ல கார்பன் இழைக் கம்புகள் இருக்கின்றன, விலையும் அதற்கேற்றபடி. அப்படி ஒரு கார்பன் கம்பை நானே கட்டினேன். ஆனால் காசு மிச்சம் பிடிப்பதற்காக யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். குழாய், கடைசல் கூலி, பிசின் எல்லாம் சேர்த்தால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. எடை எங்கே இருக்க வேண்டும், இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். நான் கட்டியது அதற்காகத்தான்.

எடையில் பலரும் மொத்தக் கணக்கை மட்டுமே பார்க்கிறார்கள். கம்பை நாம் சுமப்பதில்லை, வீசுகிறோம். மணிக்கட்டை மையமாக வைத்து ஒவ்வோர் அடிக்கும் அது முன்னால் போய் வருகிறது. வீசுவதற்கு வேண்டிய பாடு, எடையோடு தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவது. நுனியில் இருக்கும் 10 கிராமும், கம்பின் நடுவில் இருக்கும் 40 கிராமும் கைக்கு ஒன்றுதான். பிடியில் இருக்கும் 40 கிராமைக் கை கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஆகவே பிடியில் தாராளமாக இருக்கலாம், பூட்டில் வலிமைக்கு முதலிடம் தரலாம். பூட்டுக்குக் கீழே மட்டும் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குக் கேட்க வேண்டும். பனியில் புதையாமல் இருக்க நுனியில் மாட்டும் அகலமான வட்டு நம் மலைகளுக்குத் தேவையே இல்லை. வாங்கிய கம்பு வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றினாலே வித்தியாசம் உடனே தெரியும். மிகச் சிறிய வட்டு ஒன்று மட்டும் இருக்கட்டும்: நீலகிரியின் சோலைப் புல்வெளிச் சதுப்பில் கம்பு புதையாமலும், படிக்கல் இடுக்கில் நுனி ஆழமாகப் போய் மாட்டாமலும் அது காக்கும்.

இனி குழாய். இந்தியாவில் கார்பன் குழாய் தேடினால் ட்ரோன் கட்டுகிறவர்களுக்கு விற்கும் இணையக் கடைகளில்தான் போய் நிற்போம். அங்கே இரண்டு வகை இருக்கும். ஒன்று, இழைகள் எல்லாம் நீளவாக்கிலேயே ஓடும்படி அச்சு வழியாக இழுத்துச் செய்தது. விலை மலிவு, நீளவாக்கில் நல்ல விறைப்பு. ஆனால் பக்கவாட்டில் அழுத்தினால் பிளந்துவிடும். மற்றொன்று, பிசின் தோய்ந்த கார்பன் துணியைத் தண்டில் சுற்றி வேகவைத்தது. இதில் குறுக்கே சுற்றி வரும் இழைகளும் இருப்பதால் பூட்டின் பிடியைத் தாங்கும். கம்புக்கு இரண்டாவது வகைதான், இதில் பேரமே கிடையாது. மேலே தெரியும் பாய்ப்பின்னல் அழகைப் பார்த்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். விற்பவரிடம் எப்படிச் செய்தது என்று கேட்டு வாங்குங்கள்.

கார்பன் குழாயின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.6 கிராம் அளவு, அலுமினியம் 2.7. வெளிவிட்டம் 18, உள்விட்டம் 16 மி.மீ. உள்ள கார்பன் குழாய் மீட்டருக்கு 85 கிராம் வரும். 14க்கு 12 குழாய் 65 கிராம். 12க்கு 10 குழாய் 55 கிராம். 14இலிருந்து 12க்குக் குறைத்தால் மிச்சமாவது பத்தே கிராம். இழப்பதோ அதிகம். நிமிர்ந்த குழாயை மேலிருந்து அழுத்தினால் எந்த எடையில் வில்லாக வளையத் தொடங்கும் என்பதற்குக் கணித மேதை ஆய்லர் கொடுத்த பழைய சூத்திரம் இருக்கிறது. 120 செ.மீ. நீளத்துக்குப் போட்டுப் பார்த்தால், 14 மி.மீ. குழாய் 60 கிலோ வரை நிற்கும், 12 மி.மீ. குழாய் 37 கிலோவிலேயே வளையும். பாறையில் கால் வழுக்கி முழு உடம்பும் ஒரு கம்பின்மேல் சாயும் கணத்தை நினைத்துப் பார்த்தால், பத்து கிராமுக்காக 12க்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேல் துண்டு 18, கீழ்த் துண்டு 14 என்று முடிவு செய்தேன்.

மூன்று துண்டாகச் செய்தால் மடக்கும்போது இன்னும் குட்டையாகும். நான் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு இணைப்பு குறைந்தால் எடை குறைகிறது, ஆட்டம் குறைகிறது, பழுதாகும் இடமும் ஒன்று குறைகிறது. மேல் துண்டு 60 செ.மீ., கீழ்த் துண்டு 72 செ.மீ., நுனி 4 செ.மீ. முழுதாக இழுத்தால் 122 செ.மீ., மடக்கினால் 80க்குள். பையின் பக்கவாட்டில் செருகினால் பஸ்ஸில் யார் கண்ணையும் குத்தாது.

கம்பின் உயிர் இருப்பது இணைப்பில். கார்பன் குழாய் நடுவில் உடைவது அபூர்வம். இரண்டு குழாய் சந்திக்கும் விளிம்பில்தான் உடையும். காரணம் நெம்புகோல் கணக்கு. இறங்கும்போது நுனி கல் இடுக்கில் மாட்டி, உடம்பு முன்னே போகிறது என்று வையுங்கள். நுனியில் பக்கவாட்டாக 5 கிலோ விசை விழுகிறது. இணைப்பிலிருந்து நுனி 60 செ.மீ. தூரம். உள்ளே நுழைந்திருக்கும் பகுதி 14 செ.மீ. என்றால், குழாய்ச் சுவரை உள்ளிருந்து நெம்பும் விசை 21 கிலோ. அதே கம்பை ஆசைப்பட்டு இன்னும் நீளமாக இழுத்து, உள்ளே 7 செ.மீ. மட்டும் விட்டால் நுனியின் தூரமும் 67 செ.மீ. ஆகி, அது 48 கிலோவாகிவிடும். கடைக் கம்புகளில் ‘இதற்கு மேல் இழுக்காதே’ என்று ஒரு கோடு போட்டிருப்பது இதனால்தான். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், களைத்த கை அந்தக் கோட்டைப் பார்க்காது. இழுக்கவே முடியாதபடி செய்துவிட்டால் பார்க்க வேண்டிய அவசியமும் இருக்காது.

18க்கு 16 குழாய்க்குள் 14 குழாய் தாராளமாக ஆடும். அந்த ஆட்டத்தை நிரப்ப, கீழ்த் துண்டின் மேல்முனையில் 2 செ.மீ. நீளத்துக்கு ஒரு நைலான் புஷ் (குழாயைச் சுற்றிப் பொருந்தும் வளையம்). வெளிவிட்டம் 15.8 மி.மீ., அதாவது உள்ளே உரசாமல் ஓட 0.2 இடைவெளி. அதே போல இன்னொரு புஷ், அதன் கீழ் விளிம்பு மேல்முனையிலிருந்து 14 செ.மீ. இருக்கும்படி. மேல் துண்டின் கீழ்வாயில் ஒட்டும் அலுமினியக் காலரின் (கழுத்து வளையத்தின்) துளை 14.1 மி.மீ.தான், குழாய் நுழையும், புஷ் நுழையாது. கீழ்த் துண்டை எவ்வளவு இழுத்தாலும் இரண்டாவது புஷ் காலரில் முட்டி நின்றுவிடும். 14 செ.மீ. எப்போதும் உள்ளேயே இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. 16க்கு 14 குழாய்க்குள் 14 குழாயை நுழைக்க முயல்கிறவர்கள், சிக்கும்போது வெளிப்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறக்குகிறார்கள். வளைவைத் தாங்குவதில் பெரும்பங்கு வெளிப்புற இழைகளுக்குத்தான். அவற்றைத் தேய்ப்பது கம்பின் பலத்தைத் தேய்ப்பது. புஷ் வைத்தால் குழாயைத் தொடவே வேண்டாம்.

காலர்தான் பூட்டு. மேல்பாதி 16 மி.மீ. நீளத்துக்கு 18.2 துளை, மேல் குழாயைக் கவிந்து ஒட்டிக்கொள்ளும். கீழ்பாதி 17 மி.மீ. நீளம், 14.1 துளை, நீளவாக்கில் ஒரு பிளவு, பிளவின் இருபுறமும் காது, காதுகளின் குறுக்கே ஓர் எம்4 (4 மி.மீ. தடிமன்) போல்ட், தலையில் விரலால் திருக நர்லிங் (சொரசொரப்பு வரி) போட்ட குமிழ். இரண்டு பாதிக்கும் நடுவே பாதிச் சுற்றுக்கு ஒரு குறுக்கு வெட்டு. அப்போதுதான் கீழ்பாதி தனியாக நெரியும். கார்பன் குழாயில் எங்கேயும் பிளவு போட வேண்டியதில்லை என்பது இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது. விற்பனையில் உள்ள பல கம்புகளில் மேல் குழாயின் வாயைப் பிளந்து அதன்மேல் பூட்டு போடுவார்கள். அந்தப் பிளவின் முனை, விரிசல் தொடங்கக் காத்திருக்கும் இடம்.

கோயம்புத்தூரில் இருப்பதன் வசதி, தெருவுக்கு ஒரு லேத் பட்டறை. கணபதிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனேன். பம்ப் உதிரி பாகங்கள் கடைந்து வாழ்நாளைக் கழித்தவர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எதுக்குங்க தம்பி அலுமினியம்? டெல்ரின் பிளாஸ்டிக் ராடு கெடக்குது. அதுலயே கடஞ்சிரலாமுங்க, இன்னும் வெயிட்டு கம்மியாகும்.”

“இறுக்கியே வெச்சிருந்தா டெல்ரின் நாளாக ஆக இளகிக் குடுத்துரும்ங்கண்ணே. காலைல இறுக்கினது மத்தியானம் நழுவும்.”

“அது நெசந்தான்” என்றவர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் துளையைக் காட்டினார். “பதினாலு புள்ளி ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. கொழாய் பதினாலுதானான்னு வெர்னியர் வெச்சுப் பாத்தீங்களா? கொழாயக் கொண்டாங்க தம்பி. கொழாய்க்குத் தக்கன தொளை போடோணும், தாளுக்குத் தக்கன இல்லீங்க.”

குழாயைக் கொண்டுபோனேன். அவர் அளந்து, ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாகத் துளையைச் சரிசெய்து, எந்தக் காலர் எந்தக் குழாய்க்கு என்று மார்க்கரில் எழுதியும் கொடுத்தார். கடைசல் தெரிந்த ஒருவரின் இந்த அக்கறைதான் கம்பில் இன்று ஆட்டம் இல்லாமல் இருப்பதற்குக் காரணம். வெளிச்சுவரை எங்கெல்லாம் குறைக்கலாமோ அங்கெல்லாம் குறைத்ததில், போல்ட்டும் குமிழும் சேர்த்துக் காலர் 20 கிராமுக்குள் அடங்கியது.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. குழாயைச் சுற்றி இறுகும் பட்டையில் இழுவிசை எவ்வளவோ, அதைப்போல் 2π மடங்கு, அதாவது ஆறு மடங்குக்குச் சற்று மேலே, குழாயின்மேல் அழுத்தம் விழுகிறது. உராய்வுக் குணகத்தை 0.2 என்று எடுத்துக்கொண்டால், கம்பு 40 கிலோ தாங்க போல்ட்டில் 32 கிலோ இழுவிசை போதும். எம்4 போல்ட்டுக்கு இது பொருட்டே இல்லை. அதனால்தான் ஆலன் சாவியை விட்டுவிட்டு விரல் குமிழ் வைத்தேன். விரலின் பலத்தில் குழாயை நொறுக்கும் அளவுக்கு இறுக்க முடியாது. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் மேல் கம்பை நிமிர்த்தி ஊன்றி அழுத்திப் பார்க்கலாம். 40ஐத் தாண்டியும் நழுவாமல் நின்றால் போதும். அதற்கு மேல் எங்கோ ஓர் இடத்தில் நழுவுவது நல்லதும்கூட: குழாய் வளைந்து முறிவதற்கு முன்னால் இணைப்பு இறங்கிக்கொடுக்கிறது.

ஒட்டும் வேலையில் அவசரம் ஆகாது. அரல்டைட்டில் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை விட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயும் வகையை எடுங்கள். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை மட்டும் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன் பிறகு விரல் படக் கூடாது. காலர் ஒட்டும்போது ஒரு கூடுதல் கவனம் தேவை. கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு, இடையில் வியர்வையோ மழைநீரோ புகுந்தால், பேட்டரியில் நடப்பதுபோல மின்வேதி வினை தொடங்கி அலுமினியம் அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்து ஒட்டு கழன்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கண்ணாடியிழைத் துணி ஒரு சுற்று வைத்துப் பிசினில் ஊறவிட்டால் தொடர்பு அறுந்துவிடும். துளையை 18.2 என்று விட்டது இந்தத் துணிக்கும் பிசினுக்கும் இடம் தரத்தான். கீழ்பாதியில் குழாய் சறுக்கும் இடத்தில் இப்படித் துணி வைக்க முடியாது. அங்கே கழற்றித் துடைப்பதுதான் வழி.

அறுக்கும்போது, வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, நுண்பல் ஹேக்ஸா பிளேடால் குழாயைச் சுழற்றிச் சுழற்றி அறுக்க வேண்டும். ஒரே பக்கமாக அறுத்து முடித்தால் கடைசியில் இழை கிழியும். தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுங்கள், முகமூடி கட்டாயம். கார்பன் தூள் மூச்சுக்குள் போகக் கூடாது. தோலில் பட்டாலும் அரிக்கும். வெட்டிய விளிம்பில் சூப்பர் குளூ ஊறவிட்டால் நார் பிரியாது.

ஒட்டும் வரிசை முக்கியம். முதலில் காலர் மேல் துண்டில். புஷ் இரண்டும் கீழ்த் துண்டில். இரண்டும் காய்ந்த பிறகு கீழ்த் துண்டை மேல்வாய் வழியாக இறக்கி, காலர் வழியாக வெளியே எடுத்து, கடைசியாகத்தான் நுனியும் பிடியும். நுனியை முதலில் ஒட்டிவிட்டால் காலர் துளைக்குள் அது நுழையாது.

பிடிக்குத் தூண்டில் கம்புக்கு வரும் ஈ.வி.ஏ. நுரைப் பிடி அருமையாகப் பொருந்தியது. 25 செ.மீ. நீளத்துக்கு, வழக்கத்தைவிட நீளமாகவே வைத்தேன். செங்குத்தான இடத்தில் ஒவ்வொரு முறையும் போல்ட்டைத் திறந்து நீளம் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. கையைக் கீழே நகர்த்திப் பிடித்தால் போதும். அதற்கு மேல் பாட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப், வியர்வைக்கு.

நுனியை மட்டும் விலைக்கு வாங்குங்கள். டங்ஸ்டன் கார்பைடு பதித்த, பிளாஸ்டிக் கூம்பில் வரும் மாற்று நுனிகள் கிடைக்கின்றன. இரும்பு ஆணி போதாதா என்றால், போதாது. நீலகிரி மலைத்தொகுதியின் பெரும்பகுதி சார்னோக்கைட் பாறை. சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கிடைக்கும் அதே வகைக் கல்தான். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் அதில் செய்தது. அவர் பெயரையே புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பாறைக்கு வைத்தார். அதில் குவார்ட்ஸ் நிறைய. கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் 7. சாதாரண இரும்பு அதைவிடக் குறைவு, சீக்கிரமே மழுங்கி வழுக்கும். டங்ஸ்டன் கார்பைடு 9ஐ ஒட்டி. கல்லில் அது பதிந்து நிற்கும் சத்தமே ஒரு தைரியம். கோயில் படிகளிலும் தார்ச் சாலையிலும் ரப்பர் மூடி போட்டுக்கொள்ளலாம், படிக்கல்லும் தேயாது.

எல்லாம் சேர்ந்து ஒரு கம்பு 170 கிராமை ஒட்டி நிற்கிறது. பிரம்மாதமான சாதனை எண் இல்லை. இதைவிட இலேசான கம்புகள் கடையிலேயே உண்டு. ஆனால் காலருக்குக் கீழே இருப்பது ஏறக்குறைய 60 கிராம்தான். வீசும்போது கைக்கு எடையே தெரிவதில்லை. அப்பா முதலில் கையில் எடுத்ததும் இரண்டு மூன்று முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, “இது என்னைத் தாங்குமாடா?” என்று கேட்டார். எடை மெஷின் மேல் ஊன்றி அவரையே அழுத்திப் பார்க்கச் சொன்னேன்.

நீளத்துக்கு எளிய வழி: சமதளத்தில் நின்று நுனியை ஊன்றினால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். 170 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 115 செ.மீ. பக்கம் வரும். ஏறும்போது 5 முதல் 10 செ.மீ. குறையுங்கள், இறங்கும்போது அதே அளவு கூட்டுங்கள். கீழ்த் துண்டில் 5 செ.மீ.க்கு ஒரு கோடாக வெள்ளைப் பெயின்ட் வைத்திருக்கிறேன், அப்பாவுக்கான இடத்தில் மட்டும் சிவப்பு. இறங்கும்போது கம்பு காலுக்கு முன்னால் போய் ஊன்ற வேண்டும்; கால் விழுந்த பிறகு ஊன்றினால் முழங்காலுக்கு எந்தப் பலனும் இல்லை. இதைப் பழக்கப்படுத்திக்கொள்வதுதான் உண்மையில் பாதி வேலை.

எல்லா மலைக்கும் கார்பன் சரி என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய பாறைகளுக்கு இடையே கம்பைச் செருகிச் செருகி இறங்க வேண்டிய ஓடைப் பாதைகளில் அலுமினியமோ மூங்கிலோதான் நல்லது. அலுமினியம் வளையும், நிமிர்த்திக்கொண்டு நடக்கலாம். கார்பன் வளைந்து காட்டாமல் சட்டென்று முறியும், முறிந்த முனை கையைக் கிழிக்கும். கல்லில் அடிபட்டு ஆழமாகக் கீறல் விழுந்த குழாயை, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிட வேண்டும். கார்பன் மின்சாரத்தையும் கடத்தும். மேட்டில் நிற்கும்போது இடி கேட்டால் கம்பைக் கீழே வைத்து, விலகி, தாழ்வான இடத்துக்குப் போங்கள்.

பராமரிப்பு அதிகம் இல்லை. மழையில் நனைந்தால் கீழ்த் துண்டை மேலும் கீழுமாக நகர்த்தித் துடைத்து, பூட்டைத் தளர்த்திவிட்டுக் காய வையுங்கள். பூட்டிய நிலையிலேயே மூலையில் சாத்திவைத்தால் காலருக்குள் ஈரம் தங்கும். மண் புகுந்து கரகரவென்று உரசினால் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். தேங்காய் எண்ணெயோ கிரீஸோ போட்டுவிடாதீர்கள். உராய்வுதான் அந்தப் பூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது.